இன்டீரியர் டிசைன் படிக்கப் போறீங்களா? ரீல்ஸ் காட்டாத கணக்கையும் பாருங்க!

கறை படிந்த பழைய கிச்சன். ஒரு கைதட்டல். அடுத்த நொடி, பளபளக்கும் மாடுலர் கிச்சன்! இப்படி ஒரு ரீல்ஸையாவது இந்த வாரம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் 'இன்டீரியர் டிசைன் படிக்கப் போறேன்' என்று வீட்டில் சொல்ல இதுவும் ஒரு காரணம். நல்ல துறைதான். ஆனால், ஃபீஸ் கட்டும் முன் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கோங்க.

ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட, 1972-ம் ஆண்டு சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு அப்படி எதுவும் இல்லை. அகமதாபாத் என்.ஐ.டி-யில் நுழைவுத்தேர்வு எழுதி நாலு வருஷம் படித்தவரும், மூணு மாச ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் ஒரே மாதிரி விசிட்டிங் கார்டு அடிக்கலாம். (பத்திரிகை வேலையும் அப்படித்தான். பேட்டி கொடுக்கும் யாரும் இதுவரை என் டிப்ளமோவைக் கேட்டதில்லை!)

அப்போ வித்தியாசம் எங்கே தெரியும்? படத்தில் இல்லை. அழகான படத்தை ஏ.ஐ சில நொடிகளில் கொடுத்துவிடுகிறது. கஸ்டமரே போனில் நாலு டிசைனோடு வருகிறார். ஆனால், சிங்க்குக்கு அடியில் போட எம்.ஆர் கிரேடு பிளைவுட் போதுமா, 710 கிரேடு வேணுமா? 8-க்கு 4 ஷீட்டை எப்படி அறுத்தால் வேஸ்ட் குறையும்? சமைப்பவரின் உயரத்துக்கு மேடை எத்தனை இன்ச்? இதெல்லாம் சைட்டில் கார்பென்டர் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும்.

அடுத்தது, பலரும் வெளியே பேசாத கமிஷன் கணக்கு. 'ஒரு டிராயிங்குக்கா இவ்ளோ காசு?' என்று கேட்கும் கஸ்டமர்கள் நம்ம ஊரில் அதிகம். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஃபீஸ் சொன்னால் முகம் சுளிப்பவர், 'டிசைன் ஃப்ரீ' என்றால் உடனே தலையாட்டுவார். அந்த ஃப்ரீக்கான காசு டைல்ஸ் கடையிலிருந்தும், லேமினேட் கடையிலிருந்தும் கமிஷனாக வரும். கடைசியில் அது கஸ்டமரின் பில்லில்தான் ஏறும். சதுர அடிக்கு 60 ரூபாய் டைல்ஸே போதும் என்ற இடத்தில் 120 ரூபாய் டைல்ஸைக் காட்டினால்தான் உங்களுக்கு வருமானம் என்றால், நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? டிசைனரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. உழைப்புக்கு நேராகக் காசு கொடுக்க மறுப்பவர்களும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது. ஆனாலும் முதல் வேலையிலேயே கொட்டேஷனில் டிசைன் ஃபீஸைத் தனி வரியாக எழுதிவிடுங்கள். கடைக்காரர் தரும் தள்ளுபடி கஸ்டமருக்கே போகட்டும். ஆரம்பத்தில் சில ஆர்டர்கள் கைவிட்டுப் போகும், உண்மைதான். ஆனால், இரண்டாவது வருஷத்தில் இதை மாற்றுவது இன்னும் கஷ்டம்.

கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில இடங்களில் டிசைனர் என்று சேர்த்துக்கொண்டு, மாதாமாதம் சேல்ஸ் டார்கெட்டும் கொடுப்பார்கள். சம்பளத்தில் எவ்வளவு நிரந்தரம், எவ்வளவு டார்கெட்டைப் பொறுத்தது என்று இன்டர்வியூவிலேயே கேட்டுடுங்க.

அட்மிஷனுக்குப் போகும் இடத்திலும் ஏ.சி வகுப்பறையைப் பார்த்து மயங்காமல், 'மரவேலைப் பட்டறை இருக்கா? எத்தனை வாரம் சைட்டுக்கு அனுப்புவீங்க?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் கடைசி செமஸ்டர்ல பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், அடுத்த காலேஜுக்கு பஸ் ஏறிடுங்க.