வண்டிக்கு வயசாயிடுச்சா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாமாவோடு பெந்தோங் போனேன். அங்கே ஒரு காதணி விழா. மாமாவுக்குக் கூடாரம், நாற்காலி வாடகைத் தொழில். இருபது வயதான டபுள் கேப் பிக்கப்பில் கூடாரக் கம்பிகளும் நாற்காலிகளும் ஏற்றிக் கட்டியிருந்தார்.

கோம்பாக் டோல் தாண்டி, கெந்திங் செம்பா சுரங்கப்பாதையை நோக்கி ஏற்றம் ஆரம்பித்தது. திடீரென்று என்ஜின் அலறியது. ஆர்பிஎம் முள் 2,500லிருந்து 3,500க்குத் தாவியது. வேகமோ 70லிருந்து 50க்கு இறங்கியது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். மாமா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மறுபடி மெதுவாக அழுத்தினார். ஒரு குலுக்கலோடு வண்டி பிடித்துக்கொண்டது.

“ரெண்டு மாசமா இப்படித்தாம்மா. வண்டிக்கு வயசாயிடுச்சு” என்றார்.

மைக் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவள் நான். சத்தம் மாறினால் காது சும்மா இருக்காது. என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி போகவில்லை என்றால், என்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். நடுவில் இருப்பது கியர்பாக்ஸ். ‘கியர் வழுக்குது’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

திங்கட்கிழமை ஒரு பட்டறைக்குப் போனோம். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘கியர்பாக்ஸ் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும்’ என்றார்கள். 6,800 ரிங்கிட். வேண்டாமென்றால் ஹாஃப்கட் கடையில் ஒரு பழைய கியர்பாக்ஸ் தேடலாமாம். மாமாவிடம் அந்தப் பணம் இருந்தது. ஆனால் அது மகளின் அடுத்த செமஸ்டர் கட்டணம். “வித்துடலாம்மா, கிடைச்ச விலைக்கு” என்றார். வண்டி போனால் பதினேழு வருடத் தொழிலும் அதோடு போகும்.

இன்னொருவரிடமும் கேட்போம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பத்துமலைப் பக்கம் ஒரு சீனப் பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: “கியர் எண்ணெய் எப்போது பார்த்தாய்?”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாராவாரம் பார்ப்பவர் அவர். என்ஜினை அணைத்தபடியே கியர் எண்ணெய்க் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய் சரியான கோட்டில் நின்றது.

பெரியவர் சிரிக்கவில்லை. வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, சூடாக்கிக் கொண்டுவந்தார். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை நகர்த்தி, ‘பி’யில் வைத்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுத்தார். எண்ணெய் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

மாமா முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கவனமாக இருந்த மனுஷன்தான். மின்யாக் ஹித்தாம் பார்க்கிற மாதிரியே இதையும் பார்த்துவிட்டார்.

என்ஜின் எண்ணெயை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆட்டோ கியர்பாக்ஸ்களில், குச்சி இருந்தால், ஓடும்போது பார்க்க வேண்டும். என்ஜினை அணைத்தால் உள்ளே மேலே இருக்கும் எண்ணெய் அடித்தட்டுக்கு இறங்கிவிடும். குறைவாக இருந்தாலும் நிறைவாகக் காட்டும். ஹோண்டா போன்ற சிலவற்றில் மட்டும் அணைத்த பிறகு பார்க்கச் சொல்வார்கள். இப்போது வரும் பல கார்களில் குச்சியே கிடையாது. அதனால் உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எண்ணெய் குறைந்தால் ஏன் வழுக்குகிறது? ஆட்டோ வண்டியில் கிளட்ச் மிதிதான் இல்லை. கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தகடுகள் பல அடுக்காக இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அழுத்தம் விழும், தகடுகள் வழுக்கும். ஏற்றத்தில் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் தட்டின் பின்பக்கம் ஒதுங்கிவிடும். மேலே பாரம் வேறு. அதனால்தான் ரவாங்கில் ஒழுங்காக ஓடிய வண்டி கெந்திங் செம்பாவில் மக்கர் செய்தது. வழுக்கும் தகடு சூடாகும், சூடு எண்ணெயைக் கருக்கும், கருகிய எண்ணெயில் தகடு இன்னும் தேயும்.

“எண்ணெய் ஊத்திடுங்க போஸ், போயிடலாம்” என்றார் மாமா. பெரியவர் விடவில்லை. என்ஜின் எண்ணெயைப் போல இது எரிந்து தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். கியர் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்து, வேர்த்த மாதிரி கசிந்துகொண்டிருந்தது. ஓடும்போது காற்றில் எண்ணெய் பின்னால் அடித்துக்கொண்டு போய்விட்டதால், வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

பிறகு எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். நல்ல எண்ணெய் சிவப்பாக இருக்கும். ஸ்ட்ராபெரி பால் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. மாமா வண்டியில் பழுப்பு நிறம், லேசான கருகல் வாசனை.

அடித்தட்டைக் கழற்றினார்கள். அதிலிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் ஓடிய வண்டிக்கு அது சாதாரணம். இரும்புத் துண்டுகள் கிடந்தால் பேச்சே வேறு. துண்டு இல்லை. ஆனால் தகடு தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள் இருந்தது.

குழாய், கேஸ்கெட், ஃபில்டர் மாற்றினார்கள். கையேட்டில் சொன்ன வகை எண்ணெயே ஊற்றினார்கள். தட்டை இறக்கினால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது என்பதால், ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை மாற்றினார்கள். பழைய மாடல்களில் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று சொல்வது அதுதான். அது தளர்ந்திருந்தது, சரிசெய்தார்கள். மொத்தம் 780 ரிங்கிட்.

அடுத்த வாரம் பாரத்தோடு அதே ஏற்றத்தில் ஏறினோம். முள் தாவவில்லை. சுரங்கப்பாதை வரும்வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். தகடு தேய்ந்திருப்பது உண்மைதான். சீனப் பெரியவரும் அதை மறைக்கவில்லை: “இன்னும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. ரெண்டு மாதம் முன்னாடி வந்திருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்காது.” தகடு முழுசாகத் தீய்ந்த பிறகு எந்த எண்ணெயாலும், எந்த மருந்து பாட்டிலாலும் சரிசெய்ய முடியாது. அப்போது ஓவர்ஹால்தான்.

அதனால் உங்கள் வீட்டு வண்டியில், காலையில் ‘டி’யோ ரிவர்ஸோ போட்டபின் ஒன்றிரண்டு வினாடி யோசித்துவிட்டு நகர்ந்தால், ‘பழசு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மாமா வண்டியும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்ததாம். பட்டறைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள்: எண்ணெய் அளவு சூட்டில் பார்த்தீர்களா? எங்கே ஒழுகுகிறது? தட்டைக் கழற்றி எனக்குக் காட்டுவீர்களா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு விலை பேசலாம்.

மாமா இப்போது பெந்தோங் பக்கம் ஆர்டர் வந்தால் பாரத்தைப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோகிறார். என்ஜினை ஓடவிட்டுத்தான் குச்சியை எடுக்கிறார். வரவேற்பறை அலமாரியில் ஒரு மைலோ டின் இருக்கிறது. ஒவ்வொரு விழா முடிந்ததும் அதில் ஐம்பது ரிங்கிட் போடுகிறார். மூடியில் அவர் கையெழுத்தில் ‘கியர்பாக்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. செமஸ்டர் பணத்தைத் தொடவில்லை.