காய்ச்சல் என்றால் ஏற்கிறார்கள், ஜனாஸா என்றால்?

பரீட்சை நாளன்று அதிகாலையில் ஒரு மாணவனின் வாப்பா மௌத்தாகிறார். எமது வழக்கப்படி அன்றே நல்லடக்கம். பேராதனையிலோ ஒலுவிலிலோ இருக்கும் பிள்ளை பரீட்சையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடுகிறான். அதில் யாரும் குறை காண மாட்டார்கள். சிக்கல் அதன் பிறகே ஆரம்பமாகிறது.

எமது பல்கலைக்கழகங்களில் தக்க காரணமின்றிப் பரீட்சைக்குச் சமுகமளிக்காதவர் பொதுவாக மீள்பரீட்சார்த்தியாகவே கருதப்படுகிறார். எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் பல பீடங்களில் அவருக்குக் கிடைக்கும் உச்சத் தரம் ‘சி’ தான். வகுப்புச் சித்தியும் கைநழுவலாம். காரணம் ஏற்கப்பட்டால்தான் அடுத்த தோற்றம் முதல் தடவையாகக் கணிக்கப்படும்.

நோய்க்கான வழி தெளிவானது. உரிய வைத்திய அதிகாரியின் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் கையளிக்க வேண்டும். ஏனையவை பெரும்பாலும் ‘ஏற்கத்தக்க வேறு காரணம்’ என்ற ஒரு சொற்றொடருக்குள் அடக்கப்படுகின்றன. யாருடைய மரணம் அதற்குள் வரும், எந்த ஆவணம் போதும் என்பதெல்லாம் அதில் இல்லை.

எனவேதான் “பேசாமல் ஒரு மெடிக்கல் எடுத்துக் கொடு” என்ற ஆலோசனை மாணவர்களிடையே உலாவுகிறது. வாப்பாவை அடக்கிவிட்டு வந்தவன், தனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டும். உண்மை சொல்பவன் சபையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் வெள்ளத்தின்போது உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. ஊருக்கே வந்த அனர்த்தத்துக்குப் பரீட்சை காத்திருந்தது. ஒரு வீட்டுக்கு வரும் அனர்த்தத்துக்கும் எழுத்தில் ஒரு வழி வேண்டும்.

தளர்த்தினால் துஷ்பிரயோகம் நடக்கும் என்பார்கள். ஆனால், வயிற்றுவலியை விட மரணத்தை உறுதிப்படுத்துவது இலகு. மரணச் சான்றிதழ் இருக்கிறது, கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறப்பு என உறவுகளைப் பெயர் குறிப்பிட்டு, கால எல்லையும் மேன்முறையீட்டு வழியும் விதியில் எழுதப்பட வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கல்யாணத்தையும் உம்ராவையும் இதற்குள் இழுத்து நாமே கோரிக்கையைப் பலவீனப்படுத்தக் கூடாது.

மாணவர்களுக்கும் பொறுப்புண்டு. அன்றைய தினமே பீடாதிபதி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்திருங்கள். பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸ்கள் ஏனைய மாணவர் அமைப்புகளுடன் சேர்ந்து இதைப் பீடச் சபைகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாப்பாவை இழந்த பிள்ளை எந்தச் சமூகத்திலும் பிள்ளைதான்.