சாவி சேலத்துக்குப் போயிருந்தது

போன ஆவணியில் ஏற்காடு போயிருந்தேன். கடைவீதியைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே குறுகலான தார்ச்சாலையில் உள்ளே போனால் ஒரு பள்ளி வரும். பெயர் வேண்டாம். படிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கேரளத்து மலையாளிகள் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற, தமிழ் பேசும் மலைமக்கள்.

பள்ளி நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். ஆசிரியை ஒரு மூலையைக் காட்டினார். சாம்பல் நிற இரும்பு பீரோ. “சாவி ஹெச்.எம். சார்கிட்ட இருக்குங்க சார். மீட்டிங்குக்குச் சேலம் போயிருக்காரு.” அதாவது, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சாவி கீழே போய்விட்டது.

மறுநாள் திறந்தார்கள். முதலில் வந்தது பூஞ்சண வாடை. கீழ்த்தட்டில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுத்தட்டில் ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்தேன். இராமபாணப் பூச்சி இரண்டு ஓடின. பள்ளி முத்திரையைத் தவிர அந்தப் புத்தகத்தில் மனிதக் கை பட்ட அடையாளமே இல்லை. இருப்புப் பதிவேடு மட்டும் பளிச்சென்று இருந்தது: 300 சொச்சம் புத்தகங்கள், ஒன்றுகூடக் குறையவில்லை.

தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் ஓய்வுபெறும்போது 14 புத்தகங்கள் கணக்கில் வராமல், கைக்காசைக் கட்டிய பிறகுதான் நிலுவையில்லாச் சான்று வாங்கினாராம். அதைக் கண்ணால் பார்த்தவர் பீரோவைப் பூட்டாமல் என்ன செய்வார்?

குழந்தைகளிடம் வாசிப்பு ஆர்வம் இல்லை, எல்லாம் செல்போன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். நூலகர்களும் நூலகப் பொறுப்பாசிரியர்களும் படிக்கிற இந்த இதழிலாவது உள்ளதைப் பேசுவோம். நம்மில் பலருக்குப் புத்தகம் படிக்கப்படாமல் போவதைவிடத் தொலைந்து போவதுதான் பயம். பிள்ளைக்கு ஆசை வருவதற்கு முன்னால் நமக்கு அந்தப் பயம் போகவேண்டும்.

போகக்கூடிய பயம்தான் அது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். ஓராண்டில் 1,000 நூல்கள் வழங்கப்பட்டாலோ எடுத்துப் பார்க்கப்பட்டாலோ, அதில் 5 தொலைவது நியாயமான இழப்பு என்கிறது. நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். குழந்தைப் புத்தகத்துக்கு அந்தப் பேச்சே எழாது. பெரும்பாலும் 100 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

விதியின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், இழப்பை அது இருப்பை வைத்து அளக்கவில்லை, வழங்கலை வைத்து அளக்கிறது. 60 பிள்ளைகள், வாரம் ஆளுக்கொரு புத்தகம், 40 வாரம் என்றால் 2,400 வழங்கல். அதில் 12 தொலைந்தாலும் கணக்கு சரி. பூட்டிய பீரோவுக்கு வழங்கல் பூஜ்யம். அங்கே தொலைய அனுமதிக்கப்பட்ட நூலும் பூஜ்யம். அந்தப் பீரோவிலிருந்து எலி ஒன்றை இழுத்துப் போனாலும் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். நிறையக் கொடுப்பவருக்கே பாதுகாப்பு அதிகம்!

இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. நம் ஒன்றியத்துத் தணிக்கையாளர் மேசையில் அப்படியே செல்லும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே எழுதிக் கேட்பதற்கு அச்சிட்ட அளவுகோல் ஒன்று கையில் இருக்கிறது. கேட்டு எழுதிய கடிதம் நம்மில் எத்தனை பேரின் கோப்பில் இருக்கிறது?

நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் தம் ஐந்து விதிகள் நூலை 1931-இல் வெளியிட்டபோது முதல் விதியாக வைத்தது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அதில் சொல்கிறார். சங்கிலி போய்ப் பூட்டு வந்திருக்கிறது. ஹார்வர்டு நூலகராக இருந்த சிப்லியைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அவர் வளாகத்தில் வேகமாக நடந்து போகிறார், முகமெல்லாம் மகிழ்ச்சி. என்ன விஷயம் என்று கேட்டால், இரண்டைத் தவிர எல்லா நூல்களும் உள்ளே வந்துவிட்டன, அந்த இரண்டையும் வாங்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றாராம். சிரிக்கிறோம். நம் இருப்புச் சரிபார்ப்பு நாளில் நம் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. ஆளைத் தேடிப் புத்தகம் போயிற்று. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மாட்டுவண்டி தேவையில்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு 60 பைகள் பள்ளியிலிருந்து கிளம்பி, சாலை போகாத வீடுகளுக்கெல்லாம் போகின்றன. ஒவ்வொரு பையிலும் ஒரு புத்தகத்துக்கு இடம் இருக்கிறது.

மலைக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு. கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பு, மாசி வரை ஓடும். பெற்றோர் இருட்டும் வரை தோட்டத்தில் இருப்பார்கள். சின்னதுகளைப் பெரியதுகள் பார்த்துக்கொள்ளும். கோடை விடுமுறை, சேர்வராயன் திருவிழா வருகிற மே மாதம்: பிள்ளைக்கு நேரமோ நேரம். உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளும் வீடு திரும்பியிருப்பார்கள். அந்த மாதம்தான் புத்தகம் முழுக்கப் பூட்டில் கிடக்கிறது. நாற்பது நாள் விடுமுறைக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்பினால் என்ன? பாதி திரும்பி வராது என்பார்கள். வந்த பாதியைப் பற்றியும் பேசலாமே. போதாததற்கு ஆடியிலிருந்து கார்த்திகை வரை மலையில் சாரலும் மூடுபனியும். சமவெளியில் பூட்டிய புத்தகம் தூங்கும், இங்கே அழுகும். வெயிலும் காற்றும் கையும் பட்டால்தான் தாள் பிழைக்கும்.

இதே மலையில் சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894 முதலும் மான்ஃபோர்ட் பள்ளி 1917 முதலும் இருக்கின்றன. சசி தரூர் சின்ன வயதில் சிறிது காலம் படித்தது மான்ஃபோர்ட்டில்தான். 13 வயதில் ஒரே ஆண்டில் 365 புத்தகம் படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆஸ்துமா, படுக்கை, வீடு நிறையப் புத்தகம். இதில் நம்மால் ஏற்பாடு செய்ய முடிந்தது மூன்றாவது மட்டும்தான். அதுவும் நிறைய வேண்டாம், எட்டுகிற தூரத்தில் பத்து இருந்தால் போதும்.

அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. நல்ல முயற்சி, பெயரும் அழகு. ஒரே ஒரு எச்சரிக்கை: ஐந்தாம் வகுப்புப் பையன் ‘நுழை’யை எடுத்தால் பிடுங்காதீர்கள். பிரெஞ்சு ஆசிரியர் தானியேல் பெனாக் 1992-இல் வாசகனுக்குப் பத்து உரிமைகளை எழுதி வைத்தார். பாதியில் நிறுத்தும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை, படிக்காமலே இருக்கும் உரிமைகூட அதில் உண்டு. நாமோ புத்தகத்தோடு சேர்த்து ‘நூல் மதிப்புரை எழுதி வா’ என்று ஒரு வீட்டுப்பாடத்தையும் கொடுத்தனுப்புகிறோம். பலாச்சுளை கொடுத்துவிட்டு அதற்குக் கட்டுரை கேட்டால் எந்தப் பிள்ளை அடுத்த சுளைக்குக் கை நீட்டும்?

அன்று பீரோ திறந்ததும் ஆசிரியையிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். புத்தகங்களை வராந்தா வெயிலில் பரப்பிக் காயவையுங்கள், பிள்ளைகளைச் சும்மா விடுங்கள். விட்டார். பத்து நிமிடத்தில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒட்டியிருந்த தாள்களை ஊதி ஊதிப் பிரித்துக்கொண்டிருந்தாள். “இதுல காட்டெருமை இருக்கு சார். ஆனா கொம்பு தப்பா வரைஞ்சிருக்காங்க.” அவள் வீட்டுப் பின்னால் தினமும் வருகிற மிருகம், அவளுக்குத் தெரியாதா? அந்தப் புத்தகத்தை அன்றே அவள் பெயரில் எழுதி அனுப்பினோம்.

தலைமையாசிரியர் யோசித்துவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் போடச் சம்மதித்தார்: படித்துக் கிழிந்தவற்றைக் கழிவுக் கணக்கில் எழுதலாம், தொலைந்தால் காரணத்தோடு பதியலாம், யாரிடமும் காசு கேட்பதில்லை. சாவி வகுப்பறை ஆணிக்கு வந்தது.

மாசியில் மறுபடி போனேன். பதிவேட்டில் 200-க்கு மேல் வழங்கல் ஏறியிருந்தது. காட்டெருமைப் புத்தகம் ஏழு கை மாறி, அட்டையில் மஞ்சள் விரல் தடத்தோடும் அடுப்புப் புகை வாசனையோடும் வந்திருந்தது. தடம் பாட்டியுடையதாம், படம் பார்த்தாராம். திரும்பாதது ஒன்று. அம்மா அப்பாவோடு மிளகு பறிக்கக் கேரளப் பக்கம் போன பையன், பையோடு கொண்டுபோய்விட்டான். காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று ஆசிரியை கேட்டார்.

“வாசகரிடம் உள்ளது” என்று எழுதச் சொன்னேன்.