திரையில் அழிந்த தீவு



தாய்மார் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரத்தில்தான் மனதில் கிடக்கும் கதைகள் வெளியே வரும். கல்முனையில் அன்றும் அப்படித்தான். ஒரு தாய் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். அவரது சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

“மிஸ், என்ட மகன் கேம் பைத்தியமாகிட்டான். மாமா கட்டாரால கொண்டு வந்து குடுத்த மெசின். மஃரிப் ஆனாலும் எழும்புறானில்ல. தூக்கிக் கடலுக்குள்ள எறிஞ்சிரலாமா எண்டு இரிக்கி.”

மகனுக்குப் பதின்மூன்று வயது. “எறியிறதுக்கு முந்தி ஒருநாள் பக்கத்தில இருந்து பாருங்க. என்ன கதை எண்டு அவனிட்டயே கேளுங்க” என்றேன். விளையாட்டின் பெயர் ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ என்றார். எனக்கும் அது தெரியாது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன்.

இது ஜப்பானில் பிறந்த விளையாட்டு. மிக்கி மவுஸ், டொனால்ட் டக் போன்ற டிஸ்னி கார்ட்டூன்களை நாம் அறிவோம். ஜப்பானின் ஸ்குவயர் நிறுவனம் 1987 முதல் ‘ஃபைனல் ஃபான்டசி’ என்ற வாள்வீச்சும் மந்திரமும் நிறைந்த விளையாட்டுகளை வெளியிட்டு வந்தது. ஜப்பானில் ஸ்குவயரும் டிஸ்னியும் ஒரே கட்டடத்தில் இயங்கிய காலத்தில், ஸ்குவயரைச் சேர்ந்த சின்ஜி ஹஷிமோட்டோவும் ஒரு டிஸ்னி அதிகாரியும் மின்தூக்கியில் சந்தித்துப் பேசியதில் இருந்துதான் இந்த யோசனை தொடங்கியதாம். டெட்சுயா நொமுரா இயக்க, 2002 மார்ச்சில் பிளேஸ்டேசன் 2 இற்கு முதல் பாகம் வந்தது. ஒன்றோடொன்று ஒட்டாது என்று நினைக்கக்கூடிய இரண்டு கற்பனை உலகங்கள் ஒரே கதைக்குள் வந்தன.

கதையைப் படித்தபோதுதான் எனக்கு மனம் திக்கென்றது. சோரா என்ற சிறுவன் ஒரு தீவில் இரு நண்பர்களோடு வாழ்கிறான். ஓர் இரவு புயல் அடித்துத் தீவையே இருள் விழுங்குகிறது. கண் விழிக்கும்போது அவன் தெரியாத ஊரொன்றில் கிடக்கிறான். நண்பர்களைக் காணவில்லை. அந்த ஊர், தங்கள் உலகை இழந்தவர்கள் வந்து ஒதுங்கும் இடம். ‘ஃபைனல் ஃபான்டசி’யிலிருந்து வந்த லியோன், ஏரித், யூஃபி ஆகியோரும் அங்கே ஊரிழந்தவர்களாகவே இருக்கிறார்கள். தன் ஊரைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வெட்கத்தில் லியோன் பழைய பெயரைக்கூட விட்டுவிட்டான். நம் மொழியில் சொன்னால் அது ஓர் அகதி முகாம். அங்கிருந்து சோரா டொனால்டுடனும் கூஃபியுடனும் நண்பர்களைத் தேடிப் புறப்படுகிறான்.

எனக்கு ஏன் திக்கென்றது தெரியுமா? அந்தத் தாய் சிறுவயதில் வாப்பாவை யுத்தத்தில் இழந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று உம்மாவையும் கடல் கொண்டு போனது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அன்று இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகக் கூடுதலான இழப்பு நமது அம்பாறைக் கரைக்குத்தான்.

இரண்டு கிழமை கழித்து அவர் வந்தார். “பக்கத்தில இருந்து பாத்தன் மிஸ். அந்தத் தீவு போறதப் பாத்ததும் எனக்குக் கை நடுங்கிட்டு. மகன் கேமை நிப்பாட்டிட்டு ‘என்னம்மா?’ எண்டு கேட்டான். அண்டைக்குத்தான் சொன்னன்.”

பாடசாலை முகாமில் யாரோ கொடுத்த சட்டையோடு இருந்ததையும், மூன்றாம் நாள் சாச்சி தேடி வந்து கூட்டிக்கொண்டு போனதையும் அவர் அன்றுதான் மகனுக்குச் சொன்னாராம். உம்மம்மா சுனாமியில் மௌத்தானார் என்பது மட்டுமே அதுவரை மகனுக்குத் தெரியும்.

“கடைசியில அந்த உலகமெல்லாம் திரும்பி வரும் உம்மா” என்றானாம் மகன். கொஞ்சம் பொறுத்து, “உங்கட உம்மா வரல்லியா?” என்று கேட்டிருக்கிறான்.

“வரல்ல மகன். சாச்சிதான் வந்த.”

சகோதரிகளே, கேம் மனக்காயத்துக்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டில் தோற்றால் திரும்பத் தொடங்கலாம், வாழ்க்கையில் அப்படி இல்லை. அந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்தான். சத்தம் போட்டுப் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன், என்ன பார்க்கிறான் என்று கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வயது இலக்கத்தைப் பாருங்கள். நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் கதையைச் சொல்ல மனம் இடம் தராவிட்டால் வற்புறுத்திச் சொல்லவும் வேண்டாம். பழைய நினைவுகள் நித்திரையைக் கெடுத்தால் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெசின் இன்னும் கடலுக்குப் போகவில்லை. பள்ளி நாட்களில் ஒரு மணித்தியாலம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மகன் இங்கிலிசில் வருவதை வாசித்துத் தமிழில் சொல்ல, உம்மா பக்கத்தில் பாய் போட்டிருந்து கேட்கிறாராம். சென்ற கிழமை அவன் சாச்சியின் வீட்டுக்குத் தன்னைக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.