எலிக்கும் பட்டாவா?

பரம்பரைக் குணத்தைத் தாங்குவது ஜீன். ஓர் உயிரின் ஜீனை இன்னோர் உயிரின் கருவில் ஏற்றும் வித்தை ஒருவர் கண்டதல்ல. 1974-ல் யேனிஷும் மின்ட்ஸும் எலிக்கருவில் வைரஸின் டி.என்.ஏ.வைச் செலுத்தினர். 1980-ல் ஏல் சர்வகலாசாலையில் கார்டன், ரடில் குழுவினர், தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால், கருவுற்ற எலி முட்டையின் உட்கருவிலேயே அன்னிய ஜீனைச் செலுத்தி வெற்றி கண்டனர்.

பலர் உழைப்பில் விளைந்தது யார் கைக்குப் போயிற்று? புற்றுநோய் ஜீன் ஏற்றிய எலிக்கு 1988-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை அமெரிக்காவில் பேட்டண்ட் என்னும் தனியுரிமைப் பத்திரம் வாங்கியது. ஏகபோக உரிமை நைலான் முதலாளி டூபாண்ட் கம்பெனிக்கு! அந்த எலி மட்டுமா? அவ்வாறு ஜீன் ஏற்றப்படும், மனிதன் நீங்கலான எந்தப் பாலூட்டியும், அதன் சந்ததியும் பத்திரத்தில் அடக்கம்.

உழுதவன் ஒருவன், பட்டா பண்ணையாருக்கு. சோதனைச்சாலையிலும் அதே கதைதான்.

2002-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இந்த எலிக்குப் பேட்டண்ட் தர மறுத்தது. அமெரிக்கப் பத்திரத்தின் காலமும் முடிந்துவிட்டது. ஆனால் உயிரைச் சொத்தாக்கும் லாபவேட்டை முடியவில்லை.

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. புற்றுநோயை வெல்ல அந்த ஊசி வேண்டும். பட்டாதான் வேண்டாம். பலர் உழைப்பில் பிறந்த அறிவு எல்லோருக்கும் பொதுவாகட்டும்!