சாரலும் பளியர் குடிலும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, குற்றாலத்தில் சாரல் தூவத் தொடங்கியதும் விடுதிகளில் இடம் தேடும் நாம், இதே மலைத்தொடரில் வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணை என்னும் இடத்தின் பக்கம் வாழும் பளியர் பழங்குடியினரின் முன்னோர், தேனுக்கும் கிழங்குக்கும் வனத்துள் சென்றவிடத்தில் பாறைக்குகையையோ, கொம்புகளை நட்டுக் கொடியால் பிணைத்துப் புல்லும் இலையும் வேய்ந்த குடிலையோ வாசஸ்தலமாக்கிக்கொண்ட வித்தையைச் சிறிதும் சிந்திப்பதில்லை. கூரையைச் சரிவாக அமைத்து, அடியிலிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படிய வேய்ந்தால்தான் மழைநீர் உள்ளே ஒழுகாமல் வழிந்தோடும் என்பது, எத்தனை தலைமுறைகளின் அனுபவமோ, கைகள் அறிந்த சாஸ்திரம். இன்று அவர்களுக்குக் கான்கிரீட் வீடு அவசியமே. ஆயினும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பாரம்பரிய ஞானத்தின்மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் அங்கீகரித்திருக்க, தென்காசிப் பாடசாலைகள் அம்மக்களின் முதியோரை உரிய சன்மானத்தோடு அழைத்து, மாணவர்முன் ஒரு குடில் வேயச் செய்யலாகாதா?