துடைத்தெறிவதா, செப்பமிடுவதா?

கொல்லிமலையடியில் உள்ள சேந்தமங்கலத்தையும் அதனைச் சூழ்ந்த நாமக்கல் நிலத்தையும் அறிந்தவர்க்குச் சரக்குந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. உந்துக்குக் கூடு கட்டுந் தொழிலில் இந்தியா முழுதும் பெயர்பெற்றது நாமக்கல். அங்கே ஓர் ஆணி முறிந்ததென்று உந்தையே உடைத்துப் பழைய இரும்புக்கு விற்றவரைக் காட்ட முடியுமா? முறிந்ததைக் கழற்றி வேறோர் ஆணியை முடுக்குவர், உந்து ஓடும். ஆனால் இதே மண்ணில், கணினியில் ஒற்றை வரி பிழைபட்டுவிட்டால், “பார்மட் செய்துவிடலாம்” என்னும் சொல் தயக்கமின்றிப் பிறக்கின்றது. கேட்பவரும் தலையசைத்துவிடுகின்றார். ஈராண்டு உழைத்து மாணவன் எழுதி வைத்தவையெல்லாம் அரைமணியில் அழிகின்றன. அதன்மேல், உரிமம் பெறாத படியொன்றை ஏற்றிக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கமும் உண்டு.

இவ் வழக்கம் இலினக்சு இயங்குதளத்திற்குச் சற்றும் பொருந்தாது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோசுடன் ‘பாசு’ என்னும் இலினக்சு வகையும் இருந்தது. அது சி-டாக் நிறுவனம் தெபியன் என்னும் இலினக்சு வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. எத்துணைப் பேர் அதனைத் திறந்து பார்த்தனர் என்பது வேறு செய்தி. பழுதானால் என்செய்வது என்று சொல்லிக் கொடுப்பாரின்மையே அது ஒதுக்கப்பட்டதற்கு ஒரு பெருங் கரணியம் எனலாம்.

இலினக்சில் அமைவுக் கோப்புகள் பெரும்பாலும் ‘எட்சி’ என்னும் ஒரே அடைவில் உள்ளன. அவை பூட்டிய பெட்டிகள் அல்ல; எழுத்தறிந்தார் எவரும் திறந்து படிக்கத்தக்க வெற்றெழுத்துக் கோப்புகள். எந்த வட்டு எவ்விடத்தில் பொருந்த வேண்டும் என்பதைக் கூறும் ‘எப்சுடேப்’ என்னும் கோப்பை எடுத்துக்கொள்க. அதில் வட்டின் அடையாள எண் ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும், இன்றைய இலினக்சு வகைகள் பலவும் அவ் வட்டினைத் தேடி ஒன்றரை நிமையம் காத்திருந்து, பின் ‘நெருக்கடி நிலை’ என்னும் கருந்திரையில் நின்றுவிடும். அத் திரையைக் கண்டே பலர் கணினி செத்தது என்று முடிவு கட்டுகின்றனர். கணினி சாகவில்லை, தனக்கு விளங்காத வரியைத் திருத்துமாறு உரியவனைக் கேட்டு நிற்கின்றது. வட்டு எழுதவியலா நிலையில் இருப்பின் அதனை எழுதத்தக்கதாக மாற்றி, பிழைபட்ட வரியைத் திருத்தி, மீண்டும் தொடங்கினால் வேலை முடிந்தது. அக் கருந்திரைக்கே வர இயலாதாயின், விரலளவு நினைவுக்கோலில் வேறோர் இலினக்சை ஏற்றி, அதன் வழியே பழைய வட்டைத் திறந்து திருத்தலாம். ஒரு கோப்பும் அழியாது.

கோப்பே முற்றுஞ் சிதைந்துவிட்டால்? பயனர் பட்டியலாகிய ‘பாசுவேர்டு’ கோப்புக்கு முந்திய படியொன்றை, பெயரின் பின்னே ஒரு சிறுகோடு இட்டு, அதே அடைவில் கணினியே வைத்திருக்கும். பிற கோப்புகள் பலவற்றை அவற்றைத் தந்த தொகுப்பினின்றே மீளப் பெறலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. தெபியன் வகையில் அமைவுக் கோப்பொன்றை ஒருவர் நீக்கிவிட்டுத் தொகுப்பை மறுபடி நிறுவினாலும் அக் கோப்பு திரும்பி வாராது. அதனை நீக்கியது உடையவரின் விருப்பம் என்றே கணினி கொள்ளும். விடுபட்டதைத் திரும்ப வைக்குமாறு தனியே ஆணையிட்டால்தான் வைக்கும். உடையவன் சொல்லுக்கு இத்துணை மதிப்பளிக்கும் பொறி, பழுதுபார்ப்பவன் கையில் மட்டும் மதிப்பிழந்து துடைத்தெறியப்படுகின்றது!

அடுத்த கணினியின் கோப்பை அப்படியே பெயர்த்து வைப்பது எளிதெனத் தோன்றும், அது பெருந்தவறு. ஒவ்வொரு வட்டின் அடையாள எண்ணும் வேறு. உ.வே.சாமிநாதரும் சி.வை.தாமோதரனாரும் 1887-ஆம் ஆண்டில் முறையே சிந்தாமணியையும் கலித்தொகையையும் அச்சேற்றினர். அத்தகு பதிப்புப் பணியில், செல்லரித்த ஏட்டின் விடுபட்ட இடத்தை வேறோர் ஏட்டைக் கொண்டு நிரப்பும்போது, எவ்வெழுத்து எவ்வேட்டிற்கு உரியது என ஒப்புநோக்காமல் ஏற்பதில்லை. கணினிக் கோப்பினை மீட்பார்க்கும் அவ் வொப்புநோக்கே கருவி. நல்ல படியையும் கெட்ட படியையும் அருகருகே வைத்து வேறுபட்ட வரிகளை மட்டும் காட்டும் கட்டளை இலினக்சிலேயே உண்டு.

வட்டே தேய்ந்து கெட்டுப்போனால் புதியது வாங்கத்தான் வேண்டும்; அதனை மறுப்பார் இல்லை. நேரமில்லை என்பதும் கடைக்காரர்க்கு மெய்யான இடர்தான். ஆனால் அழித்து ஏற்றவும், அதன்பின் செயலிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும் செலவாகும் நேரம், ஒரு வரியைத் திருத்தும் நேரத்தினும் பன்மடங்கு என்பதை எண்ணுவாரில்லை. உண்மையில் தடுப்பது நேரமன்று, அச்சமே. கருந்திரையில் வருவன யாவும் ஆங்கிலம். அதனைக் கண்டதும், இது தமக்குரிய பொருளன்று என்று ஒதுங்கும் நெஞ்சம் தமிழ் மாணவனுக்கு எங்ஙனம் வந்தது? 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இத்தகு செய்திகளை எளிய தமிழில் எழுதி வருகின்றது. அதனைப் பள்ளிக் கணினியறைகளில் படிக்க வைப்பதற்கு எவர் ஆணையும் தேவையில்லை.

அமைவுக் கோப்புகள் பெரும்பாலானவற்றில் வேலிக் குறியோடு தொடங்கும் வரியைக் கணினி படிப்பதில்லை. அது மாந்தர்க்கென ஒதுக்கப்பட்ட இடம். ஒவ்வொரு வரியும் எதற்கென்று அங்கே தமிழிலேயே எழுதி வைக்கலாம். ஆயின் நெருக்கடிக் கருந்திரை தமிழெழுத்தைச் செவ்வனே காட்டாது. எனவே சேந்தமங்கலத்துப் பள்ளியாயினும் பிற ஊர்ப் பள்ளியாயினும், எப்சுடேப் கோப்பின் படியையும் மீட்கும் முறையையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கணினியறைச் சுவரில் ஒட்டி வைப்பது நன்று. ஒரு கணினிக்கு ஒரு தாள்; அதன் தலைப்பில் அக் கணினியின் எண்.